வலெட்டாவில் ஒரு பகல்: சொகுசுக் கப்பல் பயணிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மத்திய தரைக்கடலைச் சுற்றிவரும் சொகுசுக் கப்பல்கள் பலவும், சிசிலித் தீவுக்குத் தெற்கே உள்ள மால்டா நாட்டின் தலைநகரான வலெட்டாவில் ஒரு பகல் மட்டும் நிற்கின்றன. காலையில் வந்து மாலையில் புறப்படும் அந்த நேரத்தில் கரையிறங்கி எதைப் பார்ப்பது, எப்படிப் போய்வருவது, எதை விட்டுவிடுவது என்று முதன்முறையாகக் கப்பலேறும் நம்மவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது. கட்டணங்களும் திறந்திருக்கும் நேரங்களும் மாறக்கூடியவை. புறப்படுவதற்கு முன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கப்பல் நிற்கும் இடத்திலிருந்து நகரம் எவ்வளவு தூரம்?

நடக்கும் தூரம்தான். ரோம் நகரத்துக்கான துறைமுகம் என்று சொல்லப்படும் சிவிட்டாவெக்கியா, ரோமிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஃபுளோரன்ஸைப் பார்க்க லிவோர்னோவில் இறங்குபவர்களும் ஏறக்குறைய அதே அளவு பயணம் செய்ய வேண்டும். வலெட்டாவில் அந்தத் தொல்லை இல்லை. பெருந்துறைமுகம் எனப்படும் இயற்கைத் துறைமுகத்துக்குள்ளேயே கப்பல் வந்து, பிண்டோ துறையில் கரையை ஒட்டி நிற்கும். அன்று தீவை ஆண்ட புனித யோவான் வீரர் அமைப்பு என்ற கிறித்தவப் படைத்துறவியர் சபையின் பெருந்தலைவர் மானுவேல் பிண்டோவின் காலத்தில், 1752-இல், கட்டப்பட்ட பண்டகசாலைகளின் வரிசையில்தான் இன்று பயணிகள் முனையமும் உணவகங்களும் இயங்குகின்றன.

நகரம் அதற்கு மேலே, மதில்களின் உயரத்தில் இருக்கிறது. கரையோரச் சாலையில் துறைமுகத்தை வலப்புறம் வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால், மதில் அகழிக்குள் 58 மீட்டர் உயரமுள்ள மின்தூக்கி ஒன்று நிற்கும். 1905-இல் அமைக்கப்பட்ட பழைய மின்தூக்கி 1973-இல் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போதுள்ளது 2012 டிசம்பரில் திறக்கப்பட்டது. சிறு கட்டணம் செலுத்தினால் அரை நிமிடத்துக்குள் மேல் பராக்கா தோட்டத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து எல்லாம் காலடித் தூரம்; வலெட்டாவின் நீளமே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான்.

கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவை வாங்க வேண்டுமா, நாமே போய்வரலாமா?

வலெட்டாவைப் பொறுத்தவரை நீங்களே போய்வருவதுதான் நல்லது என்பது என் உறுதியான கருத்து. கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாவில் ஒரே ஒரு பெரிய நன்மை உண்டு: அவர்களுடைய பேருந்து திரும்பத் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், அல்லது உங்களை அடுத்த துறைமுகத்தில் சேர்க்கும் பொறுப்பை நிறுவனம் ஏற்கும். சிவிட்டாவெக்கியாவில் இறங்கி ரோமுக்குப் போகும்போது அந்தப் பாதுகாப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. கப்பலின் புகைபோக்கியைப் பார்த்தபடியே சுற்றக்கூடிய ஊரில் அதற்குத் தேவை குறைவு.

இன்னொரு காரணமும் உண்டு. ‘மால்டாவின் சிறப்புகள்’ என்பது போன்ற பெயரில் விற்கப்படும் முழுநாள் சுற்றுலாக்கள் நான்கைந்து ஊர்களை ஒரே பகலில் அடக்க முயல்கின்றன. முதன்மைத் தீவின் பரப்பு 246 சதுர கிலோமீட்டர்தான். ஆனால் நாட்டின் மக்கள்தொகை ஐந்து இலட்சத்துக்கு மேல், கார்களும் மிக அதிகம். வரைபடத்தில் அருகருகே தெரியும் இடங்களுக்கு நடுவே பேருந்துச் சன்னல் வழியாகப் போக்குவரத்து நெரிசலைப் பார்த்துக்கொண்டே பாதிப் பகல் கழிந்துவிடும். நடக்க இயலாதவர்கள், வழிகாட்டியின் விளக்கத்தோடு பார்க்க விரும்புபவர்கள், மால்டா நாட்டின் இன்னொரு தீவான கோசோ வரை போயே ஆக வேண்டும் என்பவர்கள் ஆகியோருக்கு மட்டும் கப்பலின் சுற்றுலாவைப் பரிந்துரைப்பேன்.

கப்பல் துறைமுகத்துக்குள் நுழைவதைப் பார்க்க அதிகாலையில் எழுந்திருக்கத்தான் வேண்டுமா?

கட்டாயம் எழுந்திருங்கள். பல துறைமுகங்களில் கப்பல் நுழையும்போது பாரந்தூக்கிகளும் எண்ணெய்த் தொட்டிகளும்தான் கண்ணில் படும். இங்கே நுழைவாயிலே நகரத்தின் வரலாறு. மேல்தளத்தில் வலப்பக்கம் நின்றால், அலைதடுப்புச் சுவரைத் தாண்டியதும் புனித எல்மோ கோட்டையும் அதன் பின்னே தேன் நிறச் சுண்ணாம்புக் கல்லில் எழும்பிய வலெட்டாவும் தெரியும். இடப்பக்கம் முதலில் ரிகாசோலி கோட்டை, பிறகு பிர்கு ஊரின் முனையில் புனித ஆஞ்சலோ கோட்டை, அதற்கடுத்து செங்லேயா.

அந்தச் செங்லேயாவின் முனையில் மதிலிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சிறிய கல் காவற்கூண்டைக் கவனியுங்கள். கார்ட்யோலா என்பது அதன் பெயர். அதன் பக்கங்களில் ஒரு கண்ணும் ஒரு காதும் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கும். துறைமுகத்துக்குள் வரும் யாரையும் பார்த்துக்கொண்டும் கேட்டுக்கொண்டும் இருக்கிறோம் என்பது அதன் செய்தி. வெறுங்கண்ணுக்குக் கூண்டு தெரியும். செதுக்கலைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும். கையில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

மாலையில் புறப்படும்போது பக்கங்கள் மாறிவிடும். வலெட்டா இடப்பக்கம் வரும். வெயில் சாயும் நேரத்தில் அந்தக் கல் நிறம் மாறுவதைப் பார்ப்பதற்காகவே இரவு உணவைச் சற்றுத் தள்ளிப்போடலாம்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்குத் தனி விசா தேவையா?

தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதியில் மால்டா 2007 டிசம்பர் முதல் இருக்கிறது. ஆகவே ஷெங்கன் விசா இருந்தால் போதும். ஆனால் விசா எத்தனை முறை நுழைவதற்கு வழங்கப்பட்டது என்பதைப் பார்த்துக்கொள்வது மிக முக்கியம். பார்சிலோனாவில் ஏறி, நடுவில் துனிசியாவிலோ துருக்கியிலோ மொண்டெனெக்ரோவிலோ நின்றுவிட்டு மால்டாவுக்கு வரும் கப்பலில் நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறீர்கள். அதற்குப் பலமுறை நுழைவு விசா வேண்டும். கப்பலை விட்டு இறங்கப் போவதில்லை என்றாலும், பயணத்திட்டத்துக்கு உரிய விசாக்கள் இல்லாதவர்களைக் கப்பல் நிறுவனம் முதல் துறைமுகத்திலேயே ஏற்ற மறுக்கலாம். அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டில். பிரிட்டனில் வசிக்கும் இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கும் இதே விதிதான். பிரிட்டனின் வசிப்பு உரிமை ஷெங்கன் விசாவுக்கு மாற்றாகாது.

கப்பலின் கடிகாரமும் ஊரின் கடிகாரமும் வேறுபடுமா?

வேறுபடலாம். கிரேக்கத்திலிருந்து மால்டாவுக்கு வரும்போது உள்ளூர் நேரம் ஒரு மணி பின்னால் போகும். கைபேசி தானாகவே மாறிக்கொள்ளும். கப்பல் தன் நேரத்தை மாற்றுகிறதா இல்லையா என்பதைக் கப்பல்தான் முடிவுசெய்யும். முந்தின இரவு அறைக்கு வரும் அறிவிப்புத் தாளிலோ கப்பலின் செயலியிலோ அது குறிப்பிடப்பட்டிருக்கும். நம்ப வேண்டியது கப்பலின் நேரத்தை மட்டுமே. பழைய பழக்கம்போலக் கையில் ஒரு சாதாரணக் கடிகாரம் கட்டிக்கொண்டு, அதைக் கப்பல் நேரத்துக்கு வைத்துவிடுவது குழப்பத்தைத் தவிர்க்கும். எல்லோரும் கப்பலில் இருக்க வேண்டிய நேரம் என்பது புறப்படும் நேரத்துக்கு அரை மணியோ அதற்கும் அதிகமோ முந்தியதாக இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆறு மணி நேரம் இருக்கிறது. எந்த வழியில் சுற்றுவது?

மின்தூக்கியில் ஏறி மேல் பராக்கா தோட்டத்தில் தொடங்குங்கள். 1661-இல் கட்டப்பட்ட இதன் வளைவுகளின் மேல் ஒரு காலத்தில் கூரை இருந்தது. 1775-இல் நடந்த பாதிரியார்களின் கலகத்துக்குப் பிறகு கூரை அகற்றப்பட்டது. இப்போது வானத்தைக் கூரையாகக் கொண்டு வளைவுகள் மட்டும் நிற்கின்றன. அங்கிருந்து துறைமுகம் முழுவதும் தெரியும். உங்கள் கப்பலும் கீழே தெரியும்.

அடுத்து, பிரதமரின் அலுவலகமாக இயங்கும் காஸ்டீல் மாளிகையைத் தாண்டி நகரவாசலுக்குப் போங்கள். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்த புதிய வாசலும் நாடாளுமன்றக் கட்டடமும் அங்கே உள்ளன. அருகிலேயே 1942-இல் குண்டுவீச்சில் இடிந்த அரச ஆப்பெரா மாளிகையின் எஞ்சிய தூண்கள், திறந்தவெளி அரங்கமாக மாற்றப்பட்டு நிற்கின்றன. இடிந்ததை மீண்டும் கட்டாமல் அப்படியே விட்டுப் பயன்படுத்தியது இங்கே இன்றும் விவாதிக்கப்படும் முடிவு. எனக்கு அது சரியென்றே படுகிறது.

வாசலிலிருந்து குடியரசுத் தெரு நேராகக் கடல்வரை ஓடுகிறது. 1566 மார்ச் 28 அன்று பெருந்தலைவர் ஜான் டி லா வலெட் அடிக்கல் நாட்டிய இந்த நகரத்துக்கு, திருத்தந்தை அனுப்பிய பொறியாளர் பிரான்செஸ்கோ லாபரெல்லி தெருக்களைக் கட்டம் கட்டமாக வகுத்துக் கொடுத்தார். அதனால் வழி தவறுவது கடினம். ஆனால் மேட்டுநிலத்தின் மீது நேர்க்கோடு போட்டதால் குறுக்குத் தெருக்கள் செங்குத்தாக இறங்கும். சில தெருக்கள் முழுக்கப் படிக்கட்டுகளே. வீடுகளின் முகப்பில் பச்சை, சிவப்பு, நீலம் பூசிய மூடிய மரப் பலகணிகள் தொங்குவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கும்போது காலடியில் கவனம் வேண்டும்.

புனித யோவான் இணைப்பேராலயத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். தெருவின் கடைசியில் உள்ள புனித எல்மோ கோட்டைக்கும் அதனுள் இருக்கும் தேசியப் போர் அருங்காட்சியகத்துக்கும் இன்னும் ஒன்றரை மணி. 1565-இல் ஓட்டோமான் படை மால்டாவை முற்றுகையிட்டபோது, இந்தச் சிறு கோட்டை ஏறத்தாழ ஒரு மாதம் தாக்குப்பிடித்து ஜூன் 23 அன்று வீழ்ந்தது. அந்தத் தாமதம்தான் எதிர்க்கரையில் இருந்த ஊர்களைக் காப்பாற்றியது. இரண்டாம் உலகப் போரில் தீவு மக்கள் அனைவருக்குமாக ஆறாம் ஜார்ஜ் மன்னர் 1942 ஏப்ரலில் வழங்கிய ஜார்ஜ் சிலுவைப் பதக்கமும் இங்கேதான் வைக்கப்பட்டிருக்கிறது. மால்டாவின் கொடியில் மூலையில் தெரியும் சிலுவை அதுவே.

மீதி நேரத்தை ஒரு காப்பிக்கும் திரும்பும் நடைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு இடத்தையும் சேர்த்துவிடலாம் என்று ஆசைப்படாதீர்கள்.

புனித யோவான் இணைப்பேராலயத்தின் நுழைவுக் கட்டணம் அதிகம் என்கிறார்களே. கொடுத்துப் பார்க்கத்தான் வேண்டுமா?

நகரத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் பணம் செலவழிப்பீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும். ஜெரோலாமோ கசார் என்ற மால்டாக்காரர் கட்டிய இந்தப் பேராலயம் 1570-களில் எழுந்தது. வெளியிலிருந்து பார்த்தால் படைவீடு போல வெறுமையாக இருக்கும். உள்ளே காலடி வைத்ததும் சுவர் முழுவதும் பொன் பூச்சுச் செதுக்கல்கள். மேலே மத்தியா பிரேத்தி 1660-களில் தீட்டிய விதான ஓவியங்கள். எல்லோரும் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். நீங்கள் குனிந்து பாருங்கள். தரை முழுவதும் புனித யோவான் வீரர் அமைப்பைச் சேர்ந்தவர்களின் ஏறத்தாழ 400 கல்லறைப் பலகைகள், பல நிறப் பளிங்குத் துண்டுகளை இழைத்துச் செய்யப்பட்டவை. குலச் சின்னங்களுக்கு நடுவே மண்டையோடுகளும், அரிவாள் ஏந்திய எலும்புக்கூடுகளும், மணற்கடிகாரங்களும் தெரியும். இந்தத் தரையைக் காப்பதற்காகத்தான் ஊசிக் குதிகால் செருப்புடன் யாரையும் உள்ளே விடுவதில்லை.

அடுத்துள்ள சிற்றாலயத்தில் இத்தாலிய ஓவியர் கரவாஜியோ 1608-இல் வரைந்த ‘திருமுழுக்கு யோவானின் தலைவெட்டு’ தொங்குகிறது. அவருடைய ஓவியங்களிலேயே பெரியது. அகலம் ஐந்து மீட்டருக்கு மேல். எந்தச் சுவருக்காக வரைந்தாரோ அங்கேயே இருப்பதால், அருங்காட்சியகங்களில் உள்ள அவருடைய மற்ற ஓவியங்களைப் பார்ப்பதிலிருந்து இந்த அனுபவம் வேறுபட்டது. வாளால் வேலை முழுதாக முடியவில்லை. கொலையாளி முதுகுப் பக்கம் கையை நீட்டிக் குறுங்கத்தியை உருவுகிறான். ஒரு மூதாட்டி இரு கைகளாலும் தன் தலையைப் பிடித்துக்கொள்கிறாள். வலப்பக்கச் சிறைச் சன்னலின் கம்பிகளுக்குப் பின்னாலிருந்து இருவர் எட்டிப் பார்க்கிறார்கள். ஓவியத்தின் பாதி இருண்ட வெற்றுச் சுவர். யோவானின் கழுத்திலிருந்து தரையில் வழியும் இரத்தத்தில் ஓவியர் தம் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையொப்பமிட்ட ஒரே ஓவியம் இதுதான்.

ரோமில் ஒரு கொலை செய்துவிட்டுத் தப்பிவந்த அவர், 1608 ஜூலையில் இந்த வீரர் அமைப்பில் சேர்க்கப்பட்டார். சில வாரங்களிலேயே ஒரு சண்டையில் சிக்கிப் புனித ஆஞ்சலோ கோட்டையில் அடைக்கப்பட்டார். அங்கிருந்தும் தப்பி சிசிலிக்கு ஓடினார். அவரை அமைப்பிலிருந்து நீக்கும் சடங்கு அதே ஆண்டு டிசம்பர் முதல் நாள் இதே சிற்றாலயத்தில் நடந்தது. அந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு ஓவியத்தின் முன்னால் உட்காருங்கள். அவருடைய ‘எழுதும் புனித ஜெரோம்’ ஓவியமும் இதே பேராலயத்தில் உள்ளது.

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதார் அணிபவர்களுக்குச் சிக்கல் இல்லை. மற்றவர்கள் ஒரு துப்பட்டாவை வைத்துக்கொண்டால் போதும்.

நண்பகல் பீரங்கி எப்போது, எங்கே நின்று பார்ப்பது?

மேல் பராக்கா தோட்டத்துக்கு நேர் கீழே மரியாதை பீரங்கி மேடை இருக்கிறது. நண்பகல் 12 மணிக்கும் மாலை 4 மணிக்கும் அங்கே பீரங்கி சுடுவார்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் தலைவர்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிபார்த்துக்கொள்ள உதவிய பழைய வழக்கத்தின் தொடர்ச்சி இது. மேலே தோட்டத்தின் கைப்பிடிச் சுவரருகே நின்றால் கட்டணம் இல்லை. இருபது நிமிடம் முன்னதாகப் போனால்தான் முன்வரிசை கிடைக்கும். ஓசை பலமாக இருக்கும். கைக்குழந்தைகளின் காதைப் பொத்திக்கொள்ளுங்கள்.

‘மூன்று நகரங்கள்’ என்பவை எவை? அங்கே போக நேரம் போதுமா?

துறைமுகத்தின் எதிர்க்கரையில் உள்ள பிர்கு, செங்லேயா, பொர்ம்லா ஆகிய மூன்று ஊர்களை அப்படி அழைக்கிறார்கள். ரோட்ஸ் தீவை 1522-இல் இழந்த புனித யோவான் வீரர் அமைப்புக்கு, ஐந்தாம் சார்லஸ் பேரரசர் ஆண்டுக்கு ஒரு வல்லூறு என்ற வாடகைக்கு மால்டாவைக் கொடுத்தார். 1530-இல் வந்திறங்கிய அவர்கள் முதலில் குடியேறியது பிர்குவில்தான். அப்போது வலெட்டா இருக்கும் இடம் வெறும் குன்று.

மின்தூக்கியின் அடிவாரத்துக்கு அருகிலிருந்து படகுப் போக்குவரத்து உண்டு. அதைவிட, டைசா எனப்படும் சிறிய மரப் படகில் கடப்பதையே நான் பரிந்துரைக்கிறேன். இரு முனையும் உயர்ந்து, பளிச்சென்ற வண்ணம் பூசிய படகு. ஏறும் முன் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். நீர்மட்டத்தில் உட்கார்ந்து பார்க்கும்போதுதான் இருபுறமும் எழும் மதில்களின் உண்மையான உயரம் புரியும். பிர்குவில் திருச்சபையின் மத விசாரணை அதிகாரி வாழ்ந்த மாளிகையும், பூச்சட்டிகள் வைத்த குறுகலான பழைய சந்துகளும் இருக்கின்றன. வலெட்டாவை விடக் கூட்டம் மிகவும் குறைவு. இரண்டரை மணி நேரம் இருந்தால் நிம்மதியாகப் போய்வரலாம். ஏற்கெனவே ஒருமுறை வலெட்டாவைப் பார்த்தவர்கள் பகல் முழுவதையும் இங்கேயே செலவிடலாம்.

இம்டினாவுக்கும் போய்வர முடியுமா?

எட்டு மணி நேரத்துக்கு மேல் கப்பல் நின்றால் முடியும். பழைய தலைநகரான இம்டினா, வலெட்டாவிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர். நகரவாசலுக்கு வெளியே திரித்தோன் நீரூற்றைச் சுற்றியுள்ள பேருந்து நிலையத்திலிருந்து 51, 52, 53 ஆகிய எண் பேருந்துகள் போகும்; அரை மணிக்கு மேல் ஆகும். பயணச்சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும். இருநூற்றுச் சொச்சம் பேர் மட்டுமே வசிக்கும் மதில் சூழ்ந்த ஊர் அது. 1693 நிலநடுக்கத்துக்குப் பிறகு லொரென்சோ கஃபா கட்டிய புனித பவுல் பேராலயம் நடுநாயகமாக நிற்கிறது. போவதானால் காலையில் முதலில் இம்டினா, பிறகு வலெட்டா என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் சிக்கும் வாய்ப்புள்ள தொலைவான இடத்தை முதலில் முடித்துவிட்டு, கப்பலுக்கு அருகில் இருப்பதைக் கடைசியில் பார்ப்பது எந்தத் துறைமுகத்துக்கும் பொருந்தும் ஒழுங்கு.

கற்காலக் கோவில்களையும் நிலத்தடி ஹைப்போஜியத்தையும் பார்க்க ஆசை. எப்படி?

ஹல் சஃப்லியேனி ஹைப்போஜியம் என்பது பாறையைக் குடைந்து நிலத்தடியில் பல அடுக்குகளாக அமைக்கப்பட்ட புதைகுழி வளாகம். 1902-இல் வீடு கட்டத் தோண்டியபோது வெளிப்பட்டது. மனிதரின் மூச்சுக்காற்றே சுவரிலுள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுக்கும் என்பதால் ஒரு முறைக்குப் பத்துப் பேரை மட்டுமே அனுமதிக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன்பே இணையத்தில் பதிவுசெய்ய வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. கடைசி நேரச் சீட்டுகள் சில, மறுநாளைக்கு உரியனவாக விற்கப்படுகின்றன. ஒரு பகல் மட்டும் நிற்கும் கப்பல் பயணிக்கு அவை பயன்படா. ஆகவே கப்பல் சீட்டு உறுதியானதுமே இதைப் பதிவுசெய்துவிடுங்கள்.

பதிவு கிடைக்காவிட்டால், தென்கரையில் கடலைப் பார்த்து நிற்கும் ஹஜார் இம், இம்னாய்ட்ரா கோவில்கள் இருக்கின்றன. எகிப்தின் பெரிய பிரமிடுகளை விடப் பழமையானவை. 74-ஆம் எண் பேருந்து அங்கே போகும். ஆனால் பேருந்துகளுக்கு இடையே நீண்ட இடைவெளி இருப்பதால், திரும்பும் பேருந்தின் நேரத்தைப் பார்த்துவிட்டு உள்ளே செல்வது நல்லது.

கோசோ தீவில் கடலுக்குள் நிற்கும் கல் வளைவைப் பார்க்க முடியுமா?

முடியாது. நீலச் சன்னல் என்று புகழ்பெற்றிருந்த அந்த வளைவு 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலில் விழுந்துவிட்டது. பழைய படங்களைப் போட்டுச் சுற்றுலா விற்பவர்கள் இன்னும் இருக்கலாம். கோசோ அழகான தீவு. ஆனால் வலெட்டாவிலிருந்து நேரடி விரைவுப் படகிலேயே முக்கால் மணி நேரம், கடல் கொந்தளித்தால் அந்தப் படகும் ஓடாது. பேருந்தில் வடமுனைக்குப் போய்க் கப்பல் மாறுவதென்றால் ஒரு வழிக்கே இரண்டு மணி நேரம் ஆகலாம். தனியாகப் போக வேண்டாம்.

எங்கள் கப்பல் ஞாயிற்றுக்கிழமை வருகிறது. என்ன மாறும்?

புனித யோவான் இணைப்பேராலயம் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அரசு விடுமுறை நாட்களிலும் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறப்பதில்லை. வலெட்டாவின் கடைகளில் பலவும் மூடியிருக்கும். அதற்கு ஈடாக, தென்கிழக்கே மார்சாஷ்லொக் என்ற மீனவர் ஊரில் அன்றுதான் பெரிய சந்தை கூடும். மஞ்சள், நீலம், சிவப்புப் பட்டைகளோடு முன்பக்கம் இரு கண்கள் தீட்டப்பட்ட லுட்சு படகுகள் வளைகுடா முழுவதும் மிதக்கும். காலையில் அங்கே போய்விட்டு, பிற்பகலில் புனித எல்மோ கோட்டையையும் பிர்குவையும் பார்க்கலாம். பிப்ரவரி 10, மார்ச் 19, மார்ச் 31, ஜூன் 7, ஜூன் 29, ஆகஸ்ட் 15, செப்டம்பர் 8, செப்டம்பர் 21, டிசம்பர் 8, டிசம்பர் 13 ஆகியவையும் விடுமுறை நாட்களில் அடங்கும். பயணத் தேதி இவற்றில் விழுகிறதா என்று பாருங்கள்.

வயதான பெற்றோரை அழைத்துவருகிறோம். நடை ஒத்துவருமா?

மின்தூக்கி இருப்பதால் ஒத்துவரும், ஒரு கட்டுப்பாட்டோடு: மேட்டின் உச்சியில் ஓடும் குடியரசுத் தெருவையும் வணிகர் தெருவையும் விட்டு இறங்காதீர்கள். வாசலிலிருந்து பேராலயம் வரையான பகுதி ஏறக்குறைய சமதளம். சக்கர நாற்காலியும் போகும். குறுக்குத் தெருக்களில் இறங்கினால் ஏறுவது கடினம். புனித எல்மோ கோட்டைக்கு நடக்காமல் வாடகைக் காரில் போகலாம்; போல்ட், ஊபர் செயலிகள் இங்கே இயங்குகின்றன. துறையில் கரோட்சின் எனப்படும் குதிரை வண்டிகளும் காத்திருக்கும். கட்டணம் வண்டிக்கா, ஆளுக்கா என்பதையும், எவ்வளவு நேரம் என்பதையும் பேசி முடித்த பிறகே ஏறுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும். மால்டாவின் தெருச் சிற்றுண்டியான பஸ்தீட்சி, அடுக்கடுக்காகப் பொரியும் மேலோட்டுக்குள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ மசித்த பட்டாணியோ வைத்துச் சுடப்படுகிறது. அடுப்பிலிருந்து எடுத்ததும் தின்றால்தான் சுவை. மாவில் விலங்குக் கொழுப்பு சேர்க்கும் கடைகளும் உண்டு என்பதால், கடுமையான சைவர்கள் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். தக்காளி, ஆலிவ், கேப்பர் மொட்டு வைத்த மால்டா ரொட்டியையும் கேட்கலாம். வழக்கமாக அதில் சூரை மீன் இருக்கும், வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

மொழி, பணம், கைபேசி?

மால்ட்டீஸ் மொழியோடு ஆங்கிலமும் ஆட்சிமொழி. பேச்சில் சிரமமே இல்லை. நாணயம் யூரோ. வாகனங்கள் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓடும். கப்பல் கடலில் இருக்கும்போது கைபேசி கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொண்டால் கட்டணம் எகிறிவிடும். கரை வரும்வரை விமானப் பயன்முறையிலேயே வைத்திருங்கள்.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல், மே, அக்டோபர். ஜூலை, ஆகஸ்டில் வெயில் 30 பாகையைத் தாண்டும். கல் மதில்கள் அதைத் திருப்பி அடிக்கும், நிழல் தரும் மரங்கள் குறைவு. தண்ணீர்ப் புட்டியும் தொப்பியும் இல்லாமல் இறங்காதீர்கள். குளிர்காலத்தில் வடகிழக்கிலிருந்து வீசும் கிரெகாலே காற்று பலமாக இருந்தால் கப்பல் துறைமுகத்துக்குள் வராமலே போய்விடக்கூடும். திருப்பித் தர இயலாத வெளிச் சுற்றுலாப் பதிவுகளைக் குளிர்மாதங்களில் தவிர்க்க வேண்டும்.

கப்பலைத் தவறவிட்டால் என்ன செய்வது?

கப்பலின் அறிவிப்புத் தாளில் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் உரிய முகவரின் தொலைபேசி எண் அச்சிடப்பட்டிருக்கும். இறங்கும் முன் அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகிறது என்று தெரிந்ததுமே அவரை அழைக்க வேண்டும். சில கப்பல்களில் கடவுச்சீட்டைக் கப்பல் நிர்வாகமே வைத்துக்கொள்ளும்; வராத பயணியின் கடவுச்சீட்டை எடுத்துத் துறைமுக முகவரிடம் விட்டுச் செல்வது வழக்கம். எனவே கடவுச்சீட்டு, விசா ஆகியவற்றின் நகலும், ஒரு கடன் அட்டையும், அன்றாடம் சாப்பிடும் மருந்துகளில் இரண்டு நாளுக்கானவையும் கைப்பையில் இருக்கட்டும். மால்டா தீவு என்பதால் அடுத்த துறைமுகத்துக்குத் தொடர்வண்டியில் துரத்திப் போக முடியாது. லூக்கா விமான நிலையத்திலிருந்து பறக்க வேண்டும், அந்தச் செலவும் உங்களுடையதே. அடுத்த துறைமுகம் ஷெங்கனுக்கு வெளியே இருந்தால் அந்த நாட்டு விசாவும் தேவைப்படும். பயணக் காப்பீடு எடுக்கும்போது, கப்பலைத் தவறவிடுவதற்கு இழப்பீடு உண்டா என்று கேட்டு வாங்குங்கள்.